தொலைவில் மருத்துவர், பக்கத்தில் யார்? கிராமங்களுக்குத் தொலைமருத்துவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனைக்குப் போக ஒரு பகல், திரும்ப ஒரு பகல் ஆகும் ஊர்களுக்குத் தொலைமருத்துவத்தைக் கொண்டுபோவது பற்றி ஊர்க்காரர்களும் சுகாதார ஊழியர்களும் திட்டம் தீட்டுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சில பதில்கள் நீளமாக இருக்கும். திட்டங்கள் வழக்கமாக இடறி விழும் இடங்கள் அவைதான்.

தொலைமருத்துவம் என்றால் மருத்துவரைக் காணொளியில் பார்ப்பதுதானே?

அது ஒரு வகை மட்டுமே. அதையே முழுமை என்று நினைத்துக்கொள்வதால்தான், இணையம் மெதுவாக வரும் ஊர் என்றதும் பலர் கையை விரித்துவிடுகிறார்கள்.

இன்னொரு வகையில் இருவரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்க வேண்டியதே இல்லை. தோலில் படர்ந்த படையையோ விழித்திரையையோ படமெடுத்து, அல்லது ஈசிஜி பதிவு ஒன்றை எடுத்து, நோயாளியைப் பற்றிய குறிப்போடு அனுப்பிவைத்தால், சிறப்பு மருத்துவர் தமக்கு நேரம் வாய்க்கும்போது பார்த்துப் பதில் எழுதுவார். கோப்பு போய்ச்சேர ஒரு மணி நேரம் ஆனாலும் குடி முழுகிப்போகாது. வீட்டிலேயே ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை ஆகியவற்றை அளந்து அனுப்புவது மற்றொன்று. இதயம் பலவீனமான ஒருவருக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினால், அது சாப்பாட்டால் வந்த எடையாக இருக்க வாய்ப்புக் குறைவு. உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள். மூச்சுத்திணறல் தொடங்கும் முன்பே மருந்தின் அளவை மாற்ற அந்த ஓர் எண் போதும். பிறகு, நோயாளி திரையிலேயே வராமல், ஊரிலுள்ள மருத்துவரோ செவிலியரோ சிறப்பு மருத்துவரிடம் யோசனை கேட்கும் முறையும் இருக்கிறது. சத்தமில்லாமல் அதிகப் பலன் தருவது இந்தக் கடைசி முறைதான் என்பது என் எண்ணம். விளம்பரப் படங்களில் இது இடம்பெறுவதில்லை. படம் பிடிக்க அதில் எதுவும் இல்லை.

இது கொரோனாக் காலத்தில் பிறந்ததுதானே?

இல்லை. நெதர்லாந்தில் வில்லெம் ஐந்தோவன் என்ற உடலியல் அறிஞர் 1905ஆம் ஆண்டிலேயே, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனை நோயாளியின் இதயத் துடிப்புப் பதிவைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தம் ஆய்வகத்துக்கு வரவழைத்தார். ரோம் நகரில் 1935இல் தொடங்கிய வானொலி மருத்துவ மையம் ஒன்று, நடுக்கடலில் செல்லும் கப்பல்களுக்கு இன்றுவரை மருத்துவ ஆலோசனை சொல்லிவருகிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1964இல், ஏறத்தாழ 180 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு மனநல மருத்துவ நிலையங்களை இருவழித் தொலைக்காட்சியால் இணைத்தார்கள்.

இவற்றிலெல்லாம் பாடம் நிறைந்தது ஆஸ்திரேலியாவின் கதை. அங்கே ஜான் ஃபிளின் என்ற பாதிரியாரின் முயற்சியால் 1928இல் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. விமானம் வந்துவிட்டது, ஆனால் உள்நாட்டுப் பண்ணைகளிலிருந்து மருத்துவரை எப்படி அழைப்பது? மின்சாரம் கிடையாது. ஆல்ஃபிரட் ட்ரெய்கர் என்ற பொறியாளர், சைக்கிள் போல மிதித்தால் மின்சாரம் தரும் வானொலிக் கருவியை உருவாக்கினார்; 1929இல் அது புழக்கத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். தொலைதூரப் பண்ணைகளில் ஒரே மாதிரியான மருந்துப் பெட்டிகளை வைத்தார்கள். உள்ளே இருந்த ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். வாயில் நுழையாத மருந்துப் பெயரை இரைச்சலான வானொலியில் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை. இன்ன எண்ணுள்ள மருந்தை எடுத்துக் கொடுங்கள் என்று சொன்னால் போதும். வலி எங்கே என்பதைச் சொல்வதற்கும், பகுதி பகுதியாக எண்ணிட்ட உடற்படம் ஒன்று இருந்தது.

அந்த ஏற்பாட்டில் மருந்து முன்கூட்டியே ஊரில் இருந்தது, தகவல் தொடர்புக்கான மின்சாரத்தை ஊர்க்காரரே உண்டாக்கினார், தேவைப்பட்டால் விமானம் வந்தது. திரை மட்டும்தான் இல்லை. இன்றைய திட்டங்கள் பலவற்றில் திரை மட்டும்தான் இருக்கிறது.

எந்த நோய்களுக்கு இது ஏற்றது?

பேச்சே சிகிச்சையின் பெரும்பகுதியாக இருக்கும் இடத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. மனநல ஆலோசனை இதில் முன்னணியில் நிற்கிறது. சின்ன ஊரில் மனநல மருத்துவரின் வாசலில் நிற்பதை நாலு பேர் பார்ப்பார்களே என்று கூசுகிறவர்களுக்குத் தொலைவே ஒரு திரைச்சீலையாக உதவுகிறது. ரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா, வலிப்பு, தைராய்டு போன்ற நெடுநாள் நோய்களுக்கான தொடர் பரிசோதனை அடுத்தது. ஏற்கெனவே ஒருமுறை நேரில் பார்த்த நோயாளியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசாரித்து மருந்தைக் கூட்டிக் குறைப்பதற்காக அவரை இரண்டு பஸ் மாறி வரச் சொல்வது கொடுமை.

படத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவையும் ஏற்றவை. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்படுவது தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. பார்வை மங்கிய பின் வருபவருக்குச் செய்ய முடிவது குறைவு. பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் ஊரிலேயே விழித்திரையைப் படமெடுத்து அனுப்பினால், சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் மட்டும் நகரத்துக்குப் போனால் போதும். அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப் பார்வை மையங்கள் இத்தகைய ஏற்பாட்டில்தான் இயங்குகின்றன: அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார், தொலைவில் உள்ள கண் மருத்துவர் நோயாளியோடு பேசி முடிவு சொல்வார்.

அறுவை சிகிச்சைக்குப் பின் தையலைப் பார்ப்பது, பரிசோதனை முடிவுகளை விளக்குவது, இயன்முறைப் பயிற்சியைத் திருத்துவது, தாய்ப்பால் ஊட்டுவதில் வரும் சிக்கல்களுக்கு வழி சொல்வது ஆகியவையும் திரை வழியே நடக்கக் கூடியவையே.

எதற்கு ஆகாது?

வயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டிய எதற்கும் ஆகாது. குடல்வால் அழற்சியா, வெறும் வாயுத் தொல்லையா என்பதைத் திரையில் தீர்மானிக்க முற்படுகிறவர் சூதாடுகிறார். நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், கர்ப்ப காலத்தில் ரத்தப்போக்கு, தலையில் அடி, மந்தமாகிப் பால் குடிக்க மறுக்கும் பச்சிளங்குழந்தை ஆகிய நிலைகளில் அழைப்பு இணைவதற்காகக் காத்திருக்கக் கூடாது. வண்டியை ஏற்பாடு செய்துகொண்டேதான் பேச வேண்டும்.

"இதை நான் நேரில் பார்க்க வேண்டும்" என்று தயங்காமல் சொல்பவரே நல்ல தொலைமருத்துவர். எல்லா அழைப்பும் ஒரு மருந்துச் சீட்டோடு முடிகிற சேவை இருந்தால், அதைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

அப்படியானால் அவசர நேரத்தில் இதனால் பயனே இல்லையா?

உண்டு, ஆனால் இடம் வேறு. நோயாளியின் வீட்டில் இல்லை, அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிறிய மருத்துவமனையில். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு வரும் பக்கவாதத்துக்கு, அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால் அதே அறிகுறிகள் மூளையில் ரத்தம் கசிந்தாலும் வரும். அப்போது அந்த ஊசியே உயிரைக் குடிக்கும். சிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது. ஸ்கேன் கருவி உள்ள, ஆனால் நரம்பியல் மருத்துவர் இல்லாத மருத்துவமனைகளில், தொலைவில் உள்ள நரம்பியல் மருத்துவர் ஸ்கேனையும் நோயாளியையும் திரையில் பார்த்து ஊசி போடலாமா வேண்டாமா என்று சொல்கிறார். பல நாடுகளில் இது இன்று அன்றாட நடைமுறை.

அலாஸ்காவில் 1971இல் கிடைத்த அனுபவம் ஒன்று இதன் மறுபக்கத்தைக் காட்டும். செயற்கைக்கோள் வழியாக 26 இடங்களை மருத்துவர்களோடு இணைத்துப் பார்த்தார்கள். கிராம சுகாதார உதவியாளர்களால் அதை நன்றாகவே பயன்படுத்த முடிந்தது. அவசர சிகிச்சைக்கு மட்டும் அது கைகொடுக்கவில்லை. காரணம் எளியது: இணைப்புக்கு நேரம் குறித்திருந்தார்கள், அவசரம் நேரம் பார்த்து வருவதில்லை. இன்றும் "காலை பத்து முதல் மாலை நான்கு வரை" என்று பலகை மாட்டிய தொலைமருத்துவ மையங்களுக்கு இது பொருந்தும்.

ரோபோவைக் கொண்டு தொலைவிலிருந்து அறுவை சிகிச்சை செய்கிறார்களாமே?

செய்திருக்கிறார்கள். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் அமர்ந்துகொண்டு, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் இருந்த நோயாளியின் பித்தப்பையை ழாக் மாரெஸ்கோ குழுவினர் அகற்றினார்கள். தனி ஒளியிழை இணைப்பு, விலையுயர்ந்த ரோபோ, நோயாளியின் அருகிலேயே இன்னோர் அறுவைக் குழு எல்லாம் இருந்தன. கத்தியை எடுக்கத் தெரிந்த குழு நோயாளியின் அருகிலேயே இருக்க முடிகிற இடத்தில் ரோபோ எதற்கு? கிராமத் திட்டத்தின் வரவுசெலவில் இதற்கு இடம் தேடாதீர்கள்.

இணையம் எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும்?

பயப்படும் அளவுக்கு வேண்டாம். தெளிவான குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் தாராளம். முகம் பார்த்துப் பேசும் காணொளிக்கு, தடையில்லாமல் கிடைக்குமானால், இரு திசையிலும் ஒரு மெகாபிட் அளவு போதும். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, இறங்கும் (டவுன்லோடு) வேகத்தை மட்டும் பார்த்து ஒப்பந்தம் போடுவது. மருத்துவருக்கு நோயாளியின் படம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், கிராமத்திலிருந்து ஏறும் (அப்லோடு) வேகம்தான் முக்கியம். பல இணைப்புகளில் அது இறங்கும் வேகத்தில் ஒரு சிறு பங்குதான்.

வேகத்தைவிடத் தொல்லை தருவது தாமதமும் அறுந்து அறுந்து வருவதும். பூமியோடு சேர்ந்து சுழலும் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஒரு சொல் மேலே போய்க் கீழே வரக் கால் நொடி, பதில் திரும்ப இன்னொரு கால் நொடி. இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். மனம் உடைந்து அழுதுகொண்டிருப்பவரிடம் அப்படிப் பேசிப்பாருங்கள், புரியும். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புதிய செயற்கைக்கோள்களில் இந்தத் தாமதம் வெகுவாகக் குறைந்துவிட்டது. மலையிலும் தீவிலும் பாலைவனத்திலும் இருப்பவர்களுக்கு இது உண்மையான மாற்றம்.

காணொளி தடுமாறினால் படத்தை அணைத்துவிட்டுக் குரலில் தொடருங்கள். அதுவும் போனால் சாதாரணத் தொலைபேசி அழைப்பு. இந்த இறங்குவரிசையை முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் யார் யாரைத் திரும்ப அழைப்பது என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இருவரும் மாறி மாறி அழைத்து, இருவருக்கும் "உபயோகத்தில் உள்ளது" என்றே வரும்.

மின்சாரத்தை மறந்துவிட வேண்டாம். கருவிகளுக்குப் பணம் ஒதுக்கி, மின்கலத்துக்கு ஒதுக்காத திட்டங்கள் ஏராளம்.

நோயாளியின் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டுமா?

முழுத் திட்டத்தின் தலையெழுத்தும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

தொலைவில் உள்ள மருத்துவருக்குக் கண்ணும் காதும் ஓரளவு உண்டு, கை கிடையாது. அந்தக் கை ஊரில் இருக்கும் செவிலியருடையது, அல்லது சுகாதாரப் பணியாளருடையது. ரத்த அழுத்தப் பட்டையைச் சரியாகச் சுற்றுவது, ஸ்டெதஸ்கோப்பின் நுனியை மருத்துவர் கேட்ட இடத்தில் வைப்பது, வீங்கிய காலை அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பது, "வலி குறைந்திருக்கிறது" என்று சொல்லும் கிழவரின் முகம் வேறு சொல்வதைக் கவனிப்பது எல்லாம் அவர் வேலை. அழைப்பு முடிந்தபின் "டாக்டர் என்ன சொன்னார்?" என்று நோயாளி கேட்பதும் அவரிடம்தான். மாத்திரை தீர்ந்த பின்னும் வராதவரைத் தேடி வீட்டுக்குப் போவதும் அவர்தான்.

ஆகவே விரிவாக்கம் என்பதை எத்தனை திரைகள் என்று எண்ணாமல், எத்தனை பயிற்சி பெற்ற பணியாளர்கள் என்று எண்ண வேண்டும். பயிற்சியில் கருவியை இயக்குவது ஒரு நாள் வேலை. நோயாளியின் நிலையைச் சுருக்கமாக, முறையாக எடுத்துரைப்பதுதான் பழக நாளாகும்: யார், என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, அளவீடுகள் என்ன, உங்களிடம் நான் கேட்பது என்ன. இந்த ஐந்தும் முதல் நிமிடத்திலேயே வந்துவிட்டால் மருத்துவரின் நேரம் பாதியாகக் குறையும்.

இந்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இசஞ்சீவனி 2023 பிப்ரவரியில் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. அவற்றில் பெரும்பகுதி, வீட்டிலிருந்து கைபேசியில் அழைத்தவர்களால் வந்ததன்று. கிராமத்துச் சுகாதார மையத்தில் ஓர் ஊழியரின் துணையோடு அமர்ந்து பேசியவர்களால் வந்தது.

அந்த ஊழியருக்கு இது கூடுதல் வேலை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தடுப்பூசி, கர்ப்பிணிகள் பதிவேடு, கணக்கெடுப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இதையும் பாருங்கள் என்றால், முதல் மாதம் உற்சாகமாகப் பார்ப்பார். மூன்றாம் மாதம் கருவி பூட்டிய அலமாரிக்குள் போய்விடும். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

என்னென்ன கருவிகள் தேவை?

நல்ல ஒலிவாங்கி, கேமராவுள்ள டாப்லெட் அல்லது கணினி, முகத்தின் மேல் விழும் வெளிச்சம் (முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் நோயாளி நிழலாகத்தான் தெரிவார்), ரத்த அழுத்தமானி, சர்க்கரை அளவி, வெப்பமானி, எடைக்கருவி, ஆக்சிஜன் அளவி, ஈசிஜி. மின்னணு ஸ்டெதஸ்கோப்பும் காதுக்குள் பார்க்கும் கருவியும் இருந்தால் நல்லது, இல்லாமலும் தொடங்கலாம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி பற்றி ஓர் எச்சரிக்கை. கருமையான தோலில் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 2020இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு பரவலாகப் பேசப்படுகிறது. எண் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆள் திணறுகிறார் என்றால் ஆளை நம்புங்கள்.

வயதானவர்களால் இதைப் பயன்படுத்த முடியுமா?

கைபேசிச் செயலியில் பதிவுசெய்து, ஒருமுறைக் கடவுச்சொல் வாங்கி, அதற்குள் திரை அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவதென்றால் இளைஞர்களாலேயே முடியாது. ஒரே ஒரு எண்ணை அழுத்தினால் ஆள் பேசும் என்றால் எல்லோராலும் முடியும். குறை வயதில் இல்லை.

மருத்துவரின் மொழி நோயாளிக்குப் புரியாவிட்டால்?

தொலைமருத்துவத்தின் கூடுதல் வசதியே, அதே மொழி பேசும் மருத்துவரை எங்கிருந்தாவது பிடித்துத் தரலாம் என்பது. அது இயலாதபோது மூன்றாவது இணைப்பில் மொழிபெயர்ப்பாளரைச் சேர்க்கலாம். கூட வந்த பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது மட்டும் வேண்டாம். தாய்க்கு வந்திருக்கும் கர்ப்பப்பை நோயைப் பத்து வயதுப் பையன் எப்படிச் சொல்வான்? அவள்தான் அவன் எதிரில் எப்படிப் பேசுவாள்?

மருந்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் நகரத்துக்குத்தானே போக வேண்டும்?

அப்படிப் போக வேண்டியிருந்தால் அந்தத் திட்டம் பாதியில் நிற்கிறது என்று பொருள். ஆலோசனை வீட்டு வாசலுக்கு வந்து, மாத்திரை இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்தால், நோயாளி அடுத்த முறை நேராக நகரத்துக்கே போய்விடுவார். அவர் செய்வது சரிதான்.

தொலைவிலிருந்து எழுதப்படக்கூடிய மருந்துகள் எவை என்று முதலில் தீர்மானித்து, அவை மட்டுமாவது ஊர் மையத்தில் தீராமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் எண்ணிட்ட பெட்டி செய்த வேலை அதுதான். விரல் நுனி ரத்தத்திலேயே பார்க்கக்கூடிய பரிசோதனைகள் இப்போது பல உள்ளன. மற்றவற்றுக்கு மாதிரியை எடுத்து அனுப்ப வாரத்தில் குறித்த நாட்களில் வாகனம் வேண்டும். ருவாண்டாவில் 2016 முதல் ட்ரோன்கள் மூலம் மருத்துவமனைகளுக்கு ரத்தம் அனுப்புகிறார்கள். எல்லா இடத்துக்கும் ட்ரோன் தேவையில்லை. தினமும் வந்துபோகும் பஸ்ஸில் ஒரு குளிர்பெட்டியை ஏற்றி அனுப்பும் ஏற்பாடு, அலட்டல் இல்லாமல் அதே வேலையைச் செய்யும்.

நான் பேசுவது வெளியே போகாது என்பதற்கு என்ன உறுதி?

தகவல்களை மற்றவர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்வது, கணக்குக்குக் கடவுச்சொல், யார் எப்போது பார்த்தார்கள் என்ற பதிவு ஆகியவை சேவை நடத்துகிறவரின் பொறுப்பு. ஆனால் கிராமத்தில் அந்தரங்கம் பறிபோவது பெரும்பாலும் கணினித் திருடர்களால் இல்லை; மெல்லிய தடுப்புச் சுவரால். மையத்தில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். ஒலிபெருக்கியில் பேசாமல் காதுக்கருவியில் பேச வேண்டும். ஒரே கைபேசியைக் குடும்பமே பயன்படுத்தும் வீட்டில், மருத்துவர் அனுப்பும் குறுஞ்செய்தியை யார் முதலில் படிப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். வீட்டில் அடிபடும் பெண்ணிடம், அடிப்பவர் பக்கத்தில் இருக்கும்போது காணொளியில் கேள்வி கேட்பது அவளுக்கு ஆபத்து. "தனியாக இருக்கிறீர்களா?" என்பதற்கு ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேட்டுத் தொடங்குவது நல்ல பழக்கம்.

செவிலியரின் சொந்தக் கைபேசியில் எடுத்த புண்ணின் படம் அவருடைய குடும்பப் படங்களோடு கிடக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புவது எளிதுதான். எளிது என்பதற்காகவே எல்லோரும் செய்கிறார்கள். அதைத் தடுக்க வேண்டுமானால் திட்டிப் பயனில்லை. அதே அளவுக்கு எளிதான, பாதுகாப்பான வழியைக் கொடுக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு மாறும். மூன்றைக் கட்டாயம் விசாரியுங்கள்: மருத்துவரின் பதிவு நோயாளி இருக்கும் இடத்தில் செல்லுமா, நேரில் பார்க்காமல் எந்தெந்த மருந்துகளை எழுதலாம், தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது. அமெரிக்காவில் மருத்துவர் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி. பொதுவாக நோயாளி இருக்கும் மாநிலத்தின் உரிமம்தான் கணக்கு. இந்தியா 2020 மார்ச் 25 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் ஆலோசனையில் எவற்றை எழுதலாம், தொடர் ஆலோசனையில் மட்டும் எவற்றை எழுதலாம் என்று மருந்துகளைப் பட்டியலாகப் பிரித்து, போதைத் தன்மையுள்ள மருந்துகளை எழுதவே கூடாது என்று விலக்கியது.

செலவு மிச்சமாகுமா?

யாருக்கு என்று கேட்க வேண்டும். நோயாளிக்கு உறுதியாக மிச்சம்: பயணம், ஒரு நாள் கூலி, துணைக்கு வருபவரின் கூலி. மருத்துவமனைக்கு அப்படியில்லை, அவர்களுக்குக் கருவி, இணைப்பு, பழுது பார்ப்பவர் என்று புதுச் செலவுதான் வரும். பலன் ஓரிடத்தில், செலவு வேறிடத்தில். இதனால்தான் மருத்துவமனைகள் தாமாக முன்வருவதில்லை. நேரில் பார்ப்பதற்குத் தரும் கட்டணத்துக்கு ஈடாகத் தொலைவில் பார்ப்பதற்கும் அரசோ காப்பீடோ தராவிட்டால், ஆர்வமுள்ள ஓரிரு மருத்துவர்களின் தயவில் ஓடும் சேவையாகவே இது இருக்கும். அவர்களுக்கு மாற்றல் வந்தால் சேவையும் மாற்றலாகிப் போய்விடும்.

இதைச் சாக்காக வைத்து ஊருக்கு மருத்துவரே அனுப்பாமல் விட்டுவிடுவார்களோ?

இந்தப் பயம் நியாயமானது. "அங்கேதான் தொலைமருத்துவம் இருக்கிறதே" என்று சொல்லி, காலியாக உள்ள பணியிடத்தை நிரப்பாமல் விடுவது எளிது. பிரசவம் பார்க்க, எலும்பு கட்ட, விஷக்கடிக்கு மருந்து ஏற்ற ஆள் ஊரில்தான் இருக்க வேண்டும்.

ஆனால் சரியாகச் செய்தால் இது ஊரில் இருக்கும் மருத்துவரைத் தங்க வைக்கும் கருவியாகவும் ஆகும். தொலைதூரப் பணியை மருத்துவர்கள் வெறுப்பதற்குத் தனிமையும் ஒரு காரணம்: சிக்கலான நோயாளி வந்தால் கேட்க ஆளில்லை, புதிதாகக் கற்க வழியில்லை. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் 2003இல் கல்லீரல் சிறப்பு மருத்துவர் சஞ்சீவ் அரோரா தொடங்கிய எக்கோ திட்டம் இந்த இடத்தைத் தொட்டது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு அன்று சிகிச்சை கடினம். கிராமப்புற நோயாளிகள் பல மாதம் காத்திருந்து, நெடுந்தூரம் பயணித்து அவரிடம் வந்தார்கள். நோயாளிகளைத் திரையில் பார்ப்பதற்குப் பதிலாக, அவர்களுடைய ஊர் மருத்துவர்களை வாரந்தோறும் காணொளியில் கூட்டி, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசிப் பேசிப் பழக்கினார். 2011இல் வெளியான ஆய்வில், பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 விழுக்காடு, ஊர் மருத்துவர்களிடமும் சிறைச்சாலை மருத்துவர்களிடமும் சிகிச்சை பெற்றுக் குணமானவர்கள் 58.2 விழுக்காடு. நோயாளியும் நகரவில்லை, சிறப்பு மருத்துவரும் நகரவில்லை. அறிவு மட்டும் இடம்பெயர்ந்து, ஊரிலேயே தங்கியும்விட்டது.

தொடங்க நினைக்கிறோம். எங்கே தொடங்குவது?

கருவி விற்பவரிடம் தொடங்க வேண்டாம். கடந்த ஓராண்டில் உங்கள் ஊரிலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களின் பதிவேட்டை எடுத்து உட்காருங்கள். எதற்காகப் போனார்கள், அங்கே என்ன நடந்தது, பேசிவிட்டு மட்டும் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்தக் கடைசிக் கூட்டத்தில் எந்த நோய் அதிகமோ, அந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரே ஒரு மருத்துவர், வாரத்தில் ஒரு குறித்த நாள், குறித்த நேரம். ஆறு மாதம் அந்த நேரம் ஒருமுறைகூடத் தவறக் கூடாது. "போனால் டாக்டர் இருப்பார்" என்ற நம்பிக்கை ஊரில் பரவ அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. இருமுறை ஏமாந்தவர் மூன்றாம் முறை வரமாட்டார்.

நன்றாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அழைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். இலக்கு வைத்தால் எண்ணிக்கை தானாக ஏறும்; வராத நோயாளியின் பெயரிலும் ஏறும். இவற்றைப் பாருங்கள்: எழுதிய மருந்து நோயாளியின் கைக்குப் போனதா? ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்கள் எத்தனை பேர்? நேரில் வரச் சொன்னவர்களில் உண்மையில் போனவர்கள் யார்? இதற்கெல்லாம் மேலாக, யார் வரவில்லை? கைபேசி இல்லாதவர்கள், காது கேளாதவர்கள், ஊரின் கடைசித் தெருவில் இருப்பவர்கள் பட்டியலில் இல்லையென்றால், சேவை ஏற்கெனவே வசதியாக இருந்தவர்களின் வசதியைத்தான் கூட்டியிருக்கிறது.

நாளை எனக்கு ஓர் ஆலோசனை இருக்கிறது. என்ன தயார் செய்ய வேண்டும்?

சாப்பிடும் எல்லா மருந்துகளையும் அட்டையோடு மேசைமேல் பரப்பி வையுங்கள். நாட்டு மருந்தும் சேர்த்துத்தான். பழைய சீட்டுகளையும் பரிசோதனைத் தாள்களையும் வெளிச்சத்தில் படமெடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். கேட்க வேண்டியவற்றில் முக்கியமான மூன்றைத் தாளில் எழுதுங்கள். கைபேசியை முழுமையாக மின்னேற்றி, எதன்மீதாவது சாய்த்து நிறுத்துங்கள். கையில் பிடித்தால் ஆடும். முடிக்கும்முன் மருத்துவர் சொன்னதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். உடல்நிலை மோசமானால் எந்த எண்ணை அழைப்பது, எந்த மருத்துவமனைக்குப் போவது என்று கேட்டு, அதே தாளின் மேல்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.